வகையீடும் தொகையீடும் படிக்க இணையத்தில் எது உதவும்? பாவித்துப் பார்த்த தளங்கள் பற்றி

உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வரும். எல்லையும் வகையீடும் வகுப்பில் ஓடிப்போய்விட்டது, இப்போது தொகையீடு தொடங்கிவிட்டார்கள், ஒன்றும் பிடிபடவில்லை, இணையத்தில் நல்லதாக ஏதாவது இருக்கிறதா? வெள்ளவத்தையில் உறவுக்காரப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று சிலருக்குச் சனி ஞாயிறுகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக லிங்க் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும்.

எந்தத் தளத்தையும் நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் பார்ப்பேன். பிள்ளை பிழை விட்ட பிறகு அந்தத் தளம் என்ன செய்கிறது? அழகாக விளங்கப்படுத்தும் வீடியோவுக்கு இன்று பஞ்சமே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். பிறகு கொப்பியைத் திறந்து சைன் எக்ஸ் வர்க்கத்தை வகையிடச் சொன்னால் கொஸ் எக்ஸ் வர்க்கம் என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுவார்கள், முன்னால் வரவேண்டிய 2 எக்ஸ் வராது. உள்ளே இருக்கும் சார்பையும் வகையிட வேண்டும், அதைத்தான் விட்டிருக்கிறாய் என்று அந்த நேரத்தில் யாராவது சொல்ல வேண்டும். வகுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தால் சேருக்கு அது முடியாது. அதைத் தளம் செய்கிறதா இல்லையா என்பதுதான் என் அளவுகோல்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நம்முடைய பரீட்சை எப்படிப்பட்டது என்பதை. இணைந்த கணிதத்துக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். ஏ பகுதியில் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பி பகுதியில் 7 கேள்விகளில் 5 செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. ஒரு தாளுக்கு மொத்தம் 1000. முதலாம் தாளின் பி பகுதியில் அண்மைய வருடங்களில் 14ஆம் கேள்வி வகையீடும் வளையி வரைதலுமாக வரும், 15ஆம் கேள்வி தொகையீடு. ஏ பகுதியிலும் எல்லைக் கணக்கொன்று, தொடலிக் கணக்கொன்று, பரப்போ கனவளவோ கேட்கும் கணக்கொன்று என்று வருவது வழக்கம். கணிப்பான் கொண்டுபோக முடியாது. புள்ளி கிடைப்பது கடைசி விடைக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு படிக்கும் 5, 5 ஆகப் போடுவார்கள். விடையை மட்டும் காட்டும் எந்தக் கருவியும் இந்தப் பரீட்சைக்குப் பாதி உதவிதான், அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலாவதாக நான் சொல்வது பால்ஸ் ஒன்லைன் மேத் நோட்ஸ். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து லமார் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த போல் டோக்கின்ஸ் எழுதிவைத்த குறிப்புகள் அவை. பார்வைக்குப் பழைய காலத்துத் தளம், வீடியோ கிடையாது, நிறமும் படமும் குறைவு. பிள்ளைகள் முதலில் திறந்தவுடனேயே முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்சிக் கணக்குகள் இருக்கின்றன. விடையை முழுதாக ஒரேயடியாகக் காட்டாமல் படிப்படியாகத் திறந்து பார்க்கலாம். முதல் படியைத் திறந்து நம் கொப்பியோடு ஒப்பிட்டு, சரி என்றால் மூடிவிட்டு மேலே நாமே செய்து, எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் அடுத்த படியைத் திறக்கலாம். வீட்டில் பக்கத்தில் ஒரு அண்ணாவோ அக்காவோ இருந்து "இதுவரைக்கும் சரி, அடுத்த வரியைப் பார்" என்று சொல்வதற்கு இணையத்தில் இதைவிடக் கிட்டவருவதை நான் பார்க்கவில்லை.

அதே தளத்தில் பொதுவாக விடப்படும் கணிதப் பிழைகள் என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. எல்லை எடுக்கும்போது வரிக்கு வரி எல்லைக் குறியை எழுதாமல் விடுவது, தொகையீட்டுக் குறியீட்டைப் பாதி வழியில் கைவிடுவது, மடக்கை வரும் இடத்தில் மட்டுக்குறியை மறப்பது, தொகையீட்டு மாறிலியை விடுவது, இரண்டு சார்பின் பெருக்கத்தை வகையிடும்போது தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கிவிடுவது. இவை எல்லாம் அதில் உதாரணத்தோடு இருக்கின்றன. நம் பிள்ளைகள் புள்ளி இழப்பதும் இதே இடங்களில்தான். கணக்கு விளங்கிய பிள்ளை எல்லைக் குறியை மூன்றாம் வரியில் விட்டுவிட்டதால் 5 புள்ளி போகிறது என்றால் அது எவ்வளவு வயிற்றெரிச்சல். உயர்தரம் தொடங்கும் மாதமே அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள், பரீட்சைக்கு முதல் மாதம் இன்னொரு முறை. பிடிஎஃப் ஆகவும் இறக்கலாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், வீடியோவை நம்பியிருந்த பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தபோது, அச்செடுத்து வைத்திருந்தவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் படித்தார்கள்.

இந்தத் தளத்தில் குறை என்றால் ஆங்கிலம். கடினமான ஆங்கிலம் இல்லை, ஆனாலும் தமிழ் மூலத்தில் படிக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். அப்புறம் பழகிவிடும், ஏனென்றால் கணக்கு வரிகளில் சொல் குறைவு, குறியீடுதான் அதிகம். இன்னொரு குறை, லோப்பித்தால் விதி அதில் விரிவாக இருக்கிறது. அது நம் பாடத்திட்டத்தில் இல்லை. பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வந்தவுடன் மேலேயும் கீழேயும் வகையிட்டு விடையை எடுக்கும் அந்தக் குறுக்குவழி பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும், பிறகு விட மாட்டார்கள். வர்க்கமூலம் 1 சக (கூட்டல்) எக்ஸ், அதிலிருந்து வர்க்கமூலம் 1 சய (கழித்தல்) எக்ஸ், கீழே சைன் எக்ஸ் என்று ஒரு எல்லை வந்தால் நம்மிடம் எதிர்பார்ப்பது இணையால் பெருக்கி, மேலே 2 எக்ஸ் ஆக்கி, எக்ஸ் இன் கீழ் சைன் எக்ஸ் 1க்குப் போவதைக் காட்டி, கடைசியில் 1 என்று முடிப்பது. குறுக்குவழியால் வரும் விடையும் 1தான். ஆனால் படிகளுக்கான புள்ளி அதில் இல்லை. சரிபார்க்க மட்டும் பாவியுங்கள், தாளில் எழுதாதீர்கள்.

அடுத்தது கான் அகாடமி. சல்மான் கான் 2008இல் இலாப நோக்கமற்ற நிறுவனமாகத் தொடங்கியது, இன்றுவரை மாணவர்களுக்கு இலவசம். இதன் வீடியோக்களைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் இதன் பலம் பயிற்சிகள்தான். விடையைத் தட்டச்சு செய்தால் சரி பிழை உடனே தெரியும், பிழை என்றால் குறிப்பைக் கேட்டு ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம், பிறகு அதே வகையில் வேறு கணக்கு வரும். உள்ளே இருக்கும் சார்பையும் வகையிடச் சொல்லும் சங்கிலி விதிக்கு மட்டும் இப்படி ஒரு மாலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து செய்த பிள்ளைக்கு அந்த 2 எக்ஸ் அதற்குப் பிறகு தவறுவதில்லை. கைக்குப் பழகிவிடும்.

ஆனால் அவர்கள் அமெரிக்கப் பாடத்திட்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அங்கே அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் என்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை, அதில் நுண்கணிதத்துக்கு, அதாவது வகையீடும் தொகையீடும் சேர்ந்த பாடத்துக்கு, இரண்டு மட்டங்கள். நம் பிள்ளை பட்டியலின் மேலிருந்து கீழே ஒன்றுவிடாமல் போனால் நமக்குத் தேவையில்லாத இடங்களில் மாதக்கணக்கு போய்விடும். தொடரும் வரிசையும் என்று ஒரு பெரிய பகுதி வரும், நம் நுண்கணிதக் கேள்விக்கு அது வேண்டாம். அதேநேரம் நம் 15ஆம் கேள்வியில் வருவது போல ஒரே கேள்விக்குள் பகுதிப் பின்னம், பிரதியீடு, பகுதிகளாகத் தொகையிடல் என்று மூன்றையும் கோர்த்துக் கேட்கும் கணக்கு அங்கே கிடைக்காது. அவர்களுடைய கணக்கு ஒவ்வொன்றும் சின்னது, ஒரு திறமையை மட்டும் பார்ப்பது. பழக்கத்துக்கு அது நல்லது. பரீட்சைக்கு அது மட்டும் போதாது.

திரீ புளூ ஒன் பிரவுன் என்ற யூடியூப் சனல் பற்றிச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள். கிராண்ட் சாண்டர்சன் 2017இல் போட்ட நுண்கணிதத் தொடர் அவ்வளவு அழகு. ஒரு வட்டத்தை மெல்லிய வளையங்களாக உரித்து, ஒவ்வொரு வளையத்தையும் நேராக நிமிர்த்தி அடுக்கினால் முக்கோணம் வருகிறது, அந்த முக்கோணத்தின் பரப்புத்தான் வட்டத்தின் பரப்பு என்று முதல் வீடியோவிலேயே காட்டுவார். அடி 2 பை ஆர், உயரம் ஆர், பாதி எடுத்தால் பை ஆர் வர்க்கம். சிறு வயதிலிருந்து மனப்பாடம் செய்த சூத்திரம் கண்முன்னே பிறக்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். எக்ஸ் வர்க்கத்தின் பெறுதி, அதாவது அதை வகையிட்டால் வருவது, ஏன் 2 எக்ஸ் என்பதற்குச் சதுரத்தின் இரண்டு பக்கங்களிலும் மெல்லிய பட்டி ஒட்டிக் காட்டுவார், மூலையில் வரும் சின்னத் துண்டை ஏன் விட்டுவிடலாம் என்பதும் அங்கேயே விளங்கும். சங்கிலி விதிக்கு மூன்று எண்கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, மேலே எக்ஸ் சற்று அசைந்தால் நடுவில் எக்ஸ் வர்க்கம் எவ்வளவு அசைகிறது, கீழே அதன் சைன் எவ்வளவு அசைகிறது என்று காட்டுவார். மேலே சொன்ன அதே கணக்குத்தான்.

அப்படியானால் இதை ஏன் முதலில் சொல்லவில்லை? இதில் பிள்ளை எதையும் எழுதுவதில்லை. பிழை விடுவதற்கே இடமில்லாத இடத்தில் பிழையைத் திருத்தவும் முடியாது. பெரும்பாலான வீடியோக்கள் ஏறத்தாழ கால் மணித்தியாலம் முதல் இருபது நிமிடம். தொடரை ஒரு வார இறுதியில் பார்த்து முடித்துவிட்டு வகையீடு முடிந்துவிட்டது என்று நினைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், தவணைப் பரீட்சையில் அழுததையும் பார்த்திருக்கிறேன். சாண்டர்சனே இதைப் பாடநெறி என்று விற்கவில்லை, சாரம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். வகுப்பில் ஒரு அலகு தொடங்குவதற்கு முதல் நாள் இரவு அதற்குரிய ஒரு வீடியோவை மட்டும் பாருங்கள். அவர் எல்லையை ஏழாவது வீடியோவில்தான் எடுக்கிறார், நமக்கோ அதுதான் தொடக்கம், ஆகவே வரிசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர், யூடியூபில் பாடம் நடத்தும் புரொபசர் லெனார்ட் இரண்டையும் ஒரே பந்தியில் முடித்துவிடலாம். எம்ஐடியின் ஒருமாறி நுண்கணிதப் பாடநெறி கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதி நடத்தும் விரிவுரை, பயிற்சித் தாள்களும் விடைகளும் சேர்த்து முழுதாக இலவசம். உயரமான கட்டடத்திலிருந்து பூசணிக்காயைப் போட்டு அதன் வேகத்திலிருந்து பெறுதியை விளங்கப்படுத்தும் இடம் பிரயோக கணிதத்துக்கும் உதவும். வேகம் கொஞ்சம் அதிகம், பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. மொறட்டுவைக்குப் போனால் முதலாம் தவணையில் நன்றி சொல்வார்கள். லெனார்ட் எதிர்மாறு, ஒரு பாடம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியும் போகும், ஆனால் அட்சரகணிதத்தில் ஓட்டை உள்ள பிள்ளையையும் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போவார். அடைப்புக்குறி விரிப்பதைக்கூட ஒவ்வொரு முறையும் சொல்லிச் செய்வார். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்திருந்தும் பின்னங்களைச் சுருக்கத் தடுமாறும் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களுக்குத்தான் இவர். டேட்டா நிறையப் போகும், வீட்டு இணைப்பில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அப்போது இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி விடை கண்டுபிடித்துத் தரும் கருவிகள். இவற்றைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு பயம், பிள்ளைகளுக்கு ஒரு மோகம், இரண்டும் எனக்கு விளங்குகிறது. வூல்ஃப்ரம் அல்ஃபா விடையை இலவசமாகத் தரும், படிகளை முழுதாகப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும், அதுவும் டொலரில். டொலர் 200 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 360 வரை ஏறியதைப் பார்த்த பிறகு மாதச் சந்தாவை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இன்டெக்ரல் கல்குலேட்டர் என்ற தளம் படிகளையும் இலவசமாகக் காட்டுகிறது, அதைவிட முக்கியமாக நாம் செய்த விடையைக் கொடுத்து அது சரியா என்று சரிபார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது. அதை ஒரு பிள்ளைகூடத் தொடுவதில்லை! எல்லோரும் கேள்வியைப் போட்டு விடையைப் பார்க்கிறார்கள்.

ஏன் அந்த வசதி முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 1 சக சைன் எக்ஸ் கீழே, மேலே 1, இதைத் தொகையிட வேண்டும். நம் பிள்ளைகள் மேலேயும் கீழேயும் 1 சய சைன் எக்ஸால் பெருக்குவார்கள், கீழே கொஸ் வர்க்கம் வரும், இரண்டாகப் பிரித்தால் விடை டான் எக்ஸ் சய செக் எக்ஸ், பிறகு மாறிலி. சுத்தமான வேலை. கருவிகள் பெரும்பாலும் அரைக்கோணத்தின் டானைப் பிரதியிட்டுச் செய்யும். அப்படிச் செய்தால் வரும் விடை, கீழே 1 சக டான் அரை எக்ஸ், மேலே சய 2. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். பிள்ளை என்ன செய்யும்? தன்னுடைய சரியான விடையைக் குறுக்கே வெட்டிவிட்டுத் திரையில் இருப்பதைப் பார்த்து எழுதும். உண்மையில் இரண்டும் சரி. முதல் விடையை அரைக்கோணத்தில் எழுதிச் சுருக்கினால் அது இரண்டாவது விடையோடு 1ஐக் கூட்டியது. அவ்வளவுதான் வித்தியாசம், அந்த 1 மாறிலிக்குள் போய்விடுகிறது. மாறிலியை ஏன் கட்டாயம் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். அதே தொகையீட்டைப் பூச்சியத்தில் இருந்து பை இன் கீழ் 2 வரைக்கும் கேட்டால்? டான் எக்ஸ், செக் எக்ஸ் இரண்டும் மேல் எல்லையில் வரையறுக்கப்படவில்லை, நேராகப் பிரதியிட்டால் பிள்ளை அங்கேயே முட்டி நிற்கும், வித்தியாசத்தின் எல்லை பூச்சியம் என்று காட்டித்தான் போக வேண்டும். அரைக்கோண விடையில் அந்தப் பிரச்சினையே இல்லை, சய 1, அதிலிருந்து சய 2ஐக் கழித்தால் 1. இந்த மாதிரி நேரத்தில் கருவி காட்டும் வழியும் உதவுகிறது. ஆகவே பிள்ளையிடம் கருவியைப் பாவிக்காதே என்று சொல்லத் தேவையில்லை. முதலில் நீ செய், பிறகு உன் விடையைக் கொடுத்துச் சரிபார், வித்தியாசமாக வந்தால் இரண்டு விடையையும் கழித்துப் பார், மாறிலி வருகிறதா என்று. இந்த ஒழுங்கு வந்துவிட்டால் அந்தத் தளம் நல்ல நண்பன். போட்டோமேத் போலப் படம் எடுத்தவுடன் விடை தரும் செயலிகளில் இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது கஷ்டம், அவ்வளவு சுலபமாக விடை வந்துவிடுகிறது. பரீட்சைக்கு முதல் மூன்று மாதமாவது அதைப் போனில் இருந்து எடுத்துவிடுங்கள் என்பேன்.

வளையி வரைதலுக்கு டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா இரண்டுமே இலவசம், இரண்டும் நன்று. ஜியோஜீப்ராவில் தொடலியை வளையியின் மேல் நகர்த்திக்கொண்டு போகலாம், படித்திறன் மாறுவது கூடவே தெரியும், முதல் நாள் பாடத்துக்கு அது போதும். ஆனால் திரையை நம்பி வரையக்கூடாது. எக்ஸின் கீழ், எக்ஸ் சய 1 முழுவதன் வர்க்கம் என்ற சார்பைப் போட்டுப் பாருங்கள். திரையில் 1இல் நிலைக்குத்தாக ஒரு அணுகுகோடு, இரண்டு பக்கமும் மேலே போகிறது, இடப்பக்கம் அச்சோடு ஒட்டிக் கிடப்பது போலத் தெரியும். போனில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வீர்கள். வகையிட்டுப் பார்த்தால் சய 1இல் ஒரு இழிவு இருக்கிறது, அங்கே பெறுமானம் சய 4இல் ஒன்று. அதற்கு இடப்பக்கம் சய 2இல் ஒரு விபத்திப் புள்ளி, அதாவது வளையி வளையும் பக்கம் மாறும் இடம், பெறுமானம் சய 9இல் 2. இரண்டு பெறுமானங்களும் சய 0.25, சய 0.22 என்று அவ்வளவு கிட்டக் கிட்ட, திரையில் எப்படித் தெரியும்? 14ஆம் கேள்வியில் புள்ளி கிடைப்பது இந்த மாதிரி இடங்களில்தான். முதலில் கையால் அட்டவணை போட்டு வரைந்து, பிறகு டெஸ்மோஸில் அந்த இடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள், அப்போது அந்தச் சின்னப் பள்ளம் தெரியும்போது வரும் சந்தோஷமே வேறு.

தமிழில் என்ன இருக்கிறது என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள், நான் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இங்கே சொல்ல வேண்டியது கொஞ்சம் கனமானது. மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் கிடைக்கும். கல்வி அமைச்சின் கற்றல் தளமான இ-தக்சலாவ மூன்று மொழியிலும் இயங்குகிறது. நூலகம் தளத்தில் பழைய வினாத்தாள்களும் பாடநூல்களும் தேடினால் அகப்படும், தன்னார்வலர்கள் 2005இலிருந்து செய்துவரும் பெரிய வேலை அது. ஆசிரியர் வழிகாட்டியை ஆசிரியருக்கு மட்டும் என்று நினைத்துப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், அதை இறக்கி நுண்கணிதப் பகுதியை மட்டுமாவது காலி வீதியில் ஏதாவது ஒரு போட்டோகொப்பிக் கடையில் அச்செடுத்து மேசையில் வையுங்கள். எது பரீட்சைக்கு உண்டு, எது இல்லை என்பது அதில் தெளிவாக இருக்கிறது, கான் அகாடமியில் எதைத் தாண்டிப் போகலாம் என்று முடிவெடுக்க அதுதான் வழிகாட்டி.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11ஆம், 12ஆம் வகுப்புக் கணித நூல்கள் தமிழில் பிடிஎஃப் ஆக இலவசம், விளக்கமும் பயிற்சியும் நிறைய. நாம் தொடலி, படித்திறன் என்பதை அங்கே தொடுகோடு, சாய்வு என்று எழுதுவார்கள், இரண்டு பக்கம் வாசித்தால் பழகிவிடும், அதற்காக அந்த நூல்களை ஒதுக்க வேண்டாம். யூடியூபில் நம் நாட்டு ஆசிரியர்கள் தமிழில் போடும் பாடங்களும் நிறைய இருக்கின்றன, சில மிக நல்லவை, பாடத்திட்டத்தோடு அப்படியே பொருந்துபவை. கடந்தகால வினாத்தாளை எடுத்து வரிக்கு வரி செய்துகாட்டும் வீடியோவைத் தேடுங்கள், புள்ளியிடும் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து இந்த வரிக்கு 5 என்று சொல்லிச் செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கட்டண வகுப்புத் தளங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றில் பணம் கட்டினோம், பாடங்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் மாதம் முடிந்தவுடன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் மூடிவிட்டன. மாசியில் படித்த எல்லையை ஆவணியில் திரும்பப் பார்க்க முடியாது, அதற்கு மறுபடி கட்ட வேண்டும். நுண்கணிதம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவது, பின்னால் போய்ப் பார்க்க முடியாத பாடம் பிள்ளைக்குப் பாதிப் பாடம். கட்டுவதற்கு முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: பதிவுகள் பரீட்சை வரைக்கும் திறந்திருக்குமா? பிள்ளை எழுதிய விடையை யாராவது திருத்தித் திருப்பித் தருவார்களா? இரண்டாவதற்கு இல்லை என்று சொன்னால் இலவச வீடியோவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பிள்ளைகள் ஏற்கெனவே பாவிக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் கேட்டால் தமிழிலேயே விளங்கப்படுத்தும், எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காது. என் அளவுகோலின்படி இது முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டியது, ஏனென்றால் பிள்ளையின் வேலையையே கொடுத்து எங்கே பிழை என்று கேட்கலாம். ஆனால் பிழையான படியையும் அதே உறுதியோடு சொல்லிவிடும், எது சரி என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் பிள்ளை இருப்பதில்லை. அதனால் விடையைக் கேட்காமல், புள்ளியிடும் திட்டம் கையில் இருக்கும் கடந்தகாலக் கணக்குக்கு மட்டும், "நான் செய்ததில் எந்த வரி பிழை" என்று கேட்கச் சொல்கிறேன். அது சொல்வதைத் திட்டத்தோடு ஒப்பிடலாம்.

கனம் என்று மேலே சொன்னது இதுதான். தமிழில் வாசிக்க இருக்கிறது, பார்க்க இருக்கிறது. பிள்ளை விடை எழுதி, பிழை விட்டு, அந்தப் பிழைக்கு நம்பக்கூடிய பதில் வாங்கும் இடம் தமிழில் நான் தேடியவரை இல்லை. போல் டோக்கின்ஸ் செய்ததை, கான் அகாடமி செய்வதை, நம் பாடத்திட்ட வரிசையில், நம் சொற்களில், 14ஆம் 15ஆம் கேள்வி அமைப்பில் யாரும் இன்னும் செய்யவில்லை. கொழும்பில் ஆங்கில மூலத்துக்கு மாறிவிடலாம் என்று சொல்வது சுலபம், கொட்டாஞ்சேனையில் தமிழ் மூலத்தில் படித்துவரும் பிள்ளைக்கும் அதற்கு அப்பால் தோட்டப்புறத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அது பதில் இல்லை. செய்வதற்கு வழியும் இருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நுண்கணித நூல்கள் மூன்று தொகுதியும், எம்ஐடியின் பாடப்பொருளும், பெயர் குறிப்பிட்டு, வியாபாரம் செய்யாமல், அதே உரிமத்தில் வெளியிட்டால் மொழிபெயர்க்கலாம் என்ற உரிமத்தோடுதான் வெளியாகியிருக்கின்றன. ஓப்பன்ஸ்டாக்ஸின் முதலாம் தொகுதியில் வகையீட்டுப் பயிற்சிகள் மட்டும் எடுத்தாலே பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

சங்கிலி விதிக் கணக்குகளைத் தமிழில் படிப்படியான விடையோடு எழுதத் தொடங்கியிருக்கிறேன், ஒவ்வொரு கணக்குக்கும் கீழே பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழையும் அது எந்த வரியில் வருகிறது என்பதும் இருக்கும். இணைந்த கணிதம் படிப்பிக்கும் அல்லது விடைத்தாள் திருத்திய அனுபவம் உள்ள இரண்டு பேர் வரிக்கு வரி பார்த்துச் சொன்னால் நல்லது, புள்ளி எங்கே விழும் என்பதை அவர்களால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நேரம் இருப்பவர்கள் எழுதுங்கள், முதல் தொகுதியை அனுப்புகிறேன்.